தடித்த தகடுகளைக் கணக்கிட: மேம்படுத்திய தகட்டுக் கோட்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு இரும்புத் தகட்டை நான்கு விளிம்பிலும் தாங்கி நிறுத்தி மேலே சுமை வைத்தால் எவ்வளவு தொய்யும்? தகடு மெல்லியதாக இருந்தால் பாடப்புத்தகச் சூத்திரம் போதும். தடிமன் கூடக் கூட அந்தச் சூத்திரம் உண்மையைவிடக் குறைந்த தொய்வைச் சொல்லத் தொடங்கும். இது ஆபத்தான பக்கத்துப் பிழை. தகட்டுக்குள் ஷியர் (ஒரு படலத்தை அடுத்ததன்மேல் வழுக்கப் பார்க்கும் விசை) எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பழைய கோட்பாடு பார்ப்பதே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். எந்தத் தகட்டுக் கோட்பாட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: மேல் முகத்திலிருந்து கீழ் முகம் வரை ஷியர் எப்படி மாறுகிறது என்று இது சொல்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒரு கோட்பாட்டை மட்டும் எடுத்து, கையாலேயே கடைசி எண் வரை போட்டுப் பார்க்கப் போகிறோம். ஐஐடி பம்பாயைச் சேர்ந்த ஷிம்பி 2002-இல் வெளியிட்ட, இரண்டே மாறிகளைக் கொண்ட மேம்படுத்திய தகட்டுக் கோட்பாடு அது. இதே குடும்பத்தில் இன்னும் பல உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் படிப்பது எளிது.

குறியீடுகள்: ப என்பது சதுரத் தகட்டின் பக்கம், த தடிமன், உ நடுத்தளத்திலிருந்து மேலோ கீழோ உள்ள தூரம், ய யங் குணகம் (நீட்டலுக்கும் அமுக்கலுக்கும் பொருள் காட்டும் விறைப்பு), க ஷியர் குணகம் (ஷியருக்குக் காட்டும் விறைப்பு), சு சுமை. வளைவு விறைப்பு வி = யத³ / [12(1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்)]. பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பது) எல்லா இடத்திலும் 0.3. இரு திசை இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையான லாப்லாசியனை "லாப்" என்றும், அதை இருமுறை செய்வதை "லாப்லாப்" என்றும் எழுதுகிறேன்.

படி 1: இது உங்களுக்குத் தேவையா?

எல்லாத் தகட்டுக்கும் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை. எளிமையாகத் தாங்கப்பட்ட (விளிம்பு இறங்காது, ஆனால் சாயலாம்) சதுரத் தகட்டில், நடுவில் உச்சமாகி விளிம்பில் பூஜ்யமாகும் சைன் வடிவச் சுமைக்கு, ஷியரால் வரும் தொய்வை வளைவால் வரும் தொய்வால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 5.64 × (த/ப)². பக்கம் தடிமனைப்போல் 50 மடங்கு என்றால் இது 0.23%, கண்டுகொள்ள வேண்டாம். 20 மடங்கு என்றால் 1.4%. 10 மடங்கில் 5.6%. 4 மடங்கில் 35%.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இந்த விகிதத்தில் உண்மையில் வர வேண்டியது வளைவின் அலைநீளம். தகட்டின் பக்கம் அல்ல. ப/த = 50 உள்ள மெல்லிய தகடுகூட, இரு திசையிலும் 5 அரை அலைகளாக அதிரும்போது ஒவ்வொரு அரை அலைக்கும் 10 மடங்கு நீளம்தான் மிஞ்சுகிறது. ஆக அந்த அதிர்வு நிலைக்கு அது தடித்த தகடு. உயர் அதிர்வெண்களைத் தேடுபவர்களும், சிறிய பரப்பில் குவிந்த சுமையைக் கையாள்பவர்களும் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பொருளும் முக்கியம். இந்த விகிதம் ய/க என்பதோடு நேர்விகிதமாக ஏறும். எஃகுக்கு ய/க = 2.6. ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கார்பன் இழை அடுக்குத் தகட்டில், இழைத் திசை யங் குணகம் அதே திசை ஷியர் குணகத்தைப்போல் 50 மடங்கு. கிட்டத்தட்ட 19 மடங்கு வித்தியாசம். தோராயமாகச் சொன்னால், ப/த = 20 உள்ள கார்பன் தகடு, ப/த = 4.6 உள்ள எஃகுத் தகடு மாதிரி நடந்துகொள்ளும். கண்ணுக்கு மெல்லியதாகத் தெரிவது கணக்கில் தடித்தது.

படி 2: பழைய இரண்டு கோட்பாடுகள் எங்கே நிற்கின்றன

சோபி ஜெர்மைன் 1816-இல் பாரிஸ் அகாதமியின் பரிசை வென்றது, மணல் தூவிய தகட்டில் கிளாட்னி காட்டிய அதிர்வு வடிவங்களை விளக்க முயன்றதற்காக. விளிம்பு நிபந்தனைகளை ஒழுங்குபடுத்திக் கோட்பாட்டை முழுமையாக்கியவர் கிர்க்காஃப், 1850-இல். அவர் எடுத்துக்கொண்ட அனுமானம் இது: நடுத்தளத்துக்குச் செங்குத்தாக இருந்த கோடு, தகடு வளைந்த பிறகும் நேராகவும் செங்குத்தாகவுமே இருக்கும். அப்படியானால் ஷியர் திரிபு (ஷியரால் வரும் உருமாற்றம்) பூஜ்யம். ஆனால் சுமையை விளிம்புக்குக் கொண்டுபோக ஷியர் விசை வேண்டும். இந்த முரண்பாட்டோடுதான் அந்தக் கோட்பாடு நூறாண்டு நன்றாகவே உழைத்தது.

அடுத்து ரைஸ்னர் (1945), மிண்ட்லின் (1951). இருவரும் வேறு வேறு வழியில் வந்தவர்கள். மென்பொருள்களில் இருப்பது பெரும்பாலும் மிண்ட்லின் பாணி. கோடு நேராக இருக்கும், ஆனால் சாயலாம். இதனால் ஷியர் திரிபு கிடைக்கிறது, ஆனால் தடிமன் முழுக்க ஒரே அளவாகக் கிடைக்கிறது. மேல் முகத்தில் ஷியர் சுமை எதுவும் இல்லாதபோது அங்கே ஷியர் தகைவு (ஓரலகுப் பரப்பில் ஷியர் விசை) எப்படி வரும்? வராது. இந்தக் குறையை ஈடுகட்ட ஒரு திருத்தக் காரணி சேர்க்கிறார்கள்: வழக்கமாக 5/6. தடிமன் திசை ஷியர் அதிர்வோடு பொருத்தி மிண்ட்லின் எடுத்தது பை²/12. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே தன்மையுள்ள தகட்டுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. அடுக்குத் தகட்டுக்கு வந்தால் ஒவ்வோர் அடுக்கமைப்புக்கும் தனிக் காரணி தேட வேண்டும்.

1984-இல் ரெட்டி முன்வைத்த மூன்றாம் படிக் கோட்பாடு, கோட்டை உ³ உறுப்பால் வளையவிட்டு, இரு முகத்திலும் ஷியரைப் பூஜ்யமாக்கியது. திருத்தக் காரணி போய்விட்டது. ஷிம்பி செய்தது இன்னொரு எளிமையாக்கம்.

படி 3: தொய்வை இரண்டாகப் பிரியுங்கள்

மொத்தத் தொய்வு தொ = தொ₁ + தொ₂. தொ₁ வளைவால் வருவது, தொ₂ ஷியரால் வருவது. தகட்டின் தளத்தில் ஏதாவது ஒரு திசையை எடுத்துக்கொண்டால், அந்தத் திசை இடப்பெயர்ச்சி:

இடப்பெயர்ச்சி = −உ × (தொ₁-இன் சரிவு) + [உ/4 − 5உ³/(3த²)] × (தொ₂-இன் சரிவு)

முதல் பகுதி அப்படியே கிர்க்காஃப். அடைப்புக்குள் இருப்பதுதான் புதியது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய, ஷியர் திரிபைப் போட்டுப் பாருங்கள். இடப்பெயர்ச்சியை உ-வால் வகையிட்டு, மொத்தத் தொய்வின் சரிவைக் கூட்ட வேண்டும். தொ₁ உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிச்சம்:

ஷியர் திரிபு = [5/4 − 5(உ/த)²] × (தொ₂-இன் சரிவு)

உ = த/2 போட்டால் பூஜ்யம். உ = 0 போட்டால் 5/4, அதுதான் உச்சம். நடுவில் பரவளையம். உத்திரங்களில் நமக்குப் பழகிய அதே வடிவம், எந்தத் திருத்தக் காரணியும் இல்லாமல்.

படி 4: தடிமன் ஊடே தொகையிடுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாளில் எழுதிச் செய்யுங்கள். கோட்பாட்டின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. −த/2 முதல் த/2 வரை மூன்று தொகையீடுகள் தேவை.

முதலாவது: அடைப்புச் சார்பை உ-வால் பெருக்கித் தொகையிடுவது. உ²/4 தருவது த³/48. 5உ⁴/(3த²) தருவதும் த³/48. கழித்தால் பூஜ்யம். அதாவது ஷியர் பகுதியால் வளைவுத் திருப்புத்திறன் எதுவும் வராது. வளைவும் ஷியரும் தனித்தனிச் சமன்பாடுகளாகப் பிரிவது இதனால்தான். ஒரு நாலாம் பங்கும் மூன்றில் ஐந்தும் இந்தப் பூஜ்யத்துக்காகவும், முகங்களில் ஷியர் பூஜ்யமாவதற்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

இரண்டாவது: அடைப்புச் சார்பின் வர்க்கம். 1/192 − 1/96 + 25/4032 = 1/1008. இது த³-இன் கெழு; த³/12-ஆல் வகுத்தால் 1/84.

மூன்றாவது: ஷியர் பரவளையத்தின் வர்க்கம். 25/16 − 25/24 + 5/16 = 5/6. மிண்ட்லின் கோட்பாட்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய 5/6 இங்கே தானாக வந்து உட்காருகிறது. முதன்முறை இதைக் கையால் போட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

படி 5: சமன்பாடுகள்

திரிபு ஆற்றலையும் சுமை செய்யும் வேலையையும் எழுதி, மொத்தத்தைக் குறுமமாக்கினால் இரண்டு சமன்பாடுகள்:

வி × லாப்லாப் தொ₁ = சு

(வி/84) × லாப்லாப் தொ₂ − (5/6) × க × த × லாப் தொ₂ = சு

முதலாவது நூறு சதவீதம் கிர்க்காஃப் சமன்பாடு. ஆகவே அதற்கு ஏற்கெனவே உங்களிடம் உள்ள தீர்வுகள், அட்டவணைகள், நிரல்கள் எல்லாம் அப்படியே பயன்படும். இரண்டாவதில் 84-ஆல் வகுபட்ட உறுப்பு மிகச் சிறியது. ஆனாலும் அது செய்யும் வேலை விளிம்பருகே தெரியும். அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 6: ஒரு தகட்டைப் போட்டுப் பார்ப்போம்

எஃகுத் தகடு, பக்கம் 1000 மி.மீ., தடிமன் 100 மி.மீ., ய = 2,00,000 நியூட்டன்/மி.மீ.², க = 76,923. நான்கு விளிம்பும் எளிமையாகத் தாங்கப்பட்டவை. சைன் வடிவச் சுமையின் நடு உச்சம் 1 நியூட்டன்/மி.மீ.².

தொ₁, தொ₂ இரண்டையும் சைன்(பை × நீ/ப) × சைன்(பை × அ/ப) என்ற வடிவில் எடுங்கள். நீ, அ என்பவை நீளத் திசை, அகலத் திசைத் தூரங்கள். விளிம்பு நிபந்தனைகள் தாமாகவே நிறைவேறும். அப்புறம் லாப் என்பது −2பை²/ப² ஆல் பெருக்குவது மட்டும்தான்; அதன் அளவு 1.9739 × 10⁻⁵, அதன் வர்க்கம் 3.8964 × 10⁻¹⁰.

வி = 1.8315 × 10¹⁰. முதல் சமன்பாட்டின் கெழு 7.136. ஆக தொ₁ = 1/7.136 = 0.1401 மி.மீ.

இரண்டாவதில் 7.136/84 = 0.085. ஷியர் உறுப்பு (5/6) × 76,923 × 100 × 1.9739 × 10⁻⁵ = 126.53. கூட்டினால் 126.62. தொ₂ = 0.0079 மி.மீ.

மொத்தம் 0.1480 மி.மீ. கிர்க்காஃப் மட்டும் என்றால் 0.1401-லேயே நின்றிருப்போம்.

அதே தகட்டின் தடிமனை 250 மி.மீ. ஆக்குங்கள். தொ₁ = 0.00897, தொ₂ = 0.00315, மொத்தம் 0.01212 மி.மீ. ஷியரின் பங்கு மொத்தத்தில் நான்கில் ஒன்றைத் தாண்டிவிட்டது.

சீரான சுமை என்றால் அதைச் சைன் தொடராகப் பிரித்து (ஒற்றைப்படை எண்கள் ம, ன எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உச்சம் 16சு/(பை² × ம × ன)) ஒவ்வோர் உறுப்புக்கும் இதையே செய்து கூட்ட வேண்டும். நிரல் எழுதுபவர்கள் முதலில் தொ₁-ஐ மட்டும் கூட்டி, நடுத் தொய்வு 0.00406 சுப⁴/வி வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு மேலே போகட்டும். தொய்வு சில உறுப்புகளிலேயே நிலைபெறும். தகைவுகளுக்கு நிறைய உறுப்புகள் வேண்டும்.

படி 7: முப்பரிமாணத் தீர்வோடு ஒப்பிடுங்கள்

இந்தத் தகட்டுக்கு எந்தத் தகட்டு அனுமானமும் இல்லாத முழு மீட்சியியல் தீர்வும் உண்டு. அடுக்குத் தகடுகளுக்கும் சேர்த்து இப்படிப்பட்ட தீர்வுகளை 1970-இல் அமெரிக்காவில் பகானோவும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீநிவாஸும் ராவும் வெளியிட்டார்கள். இன்றுவரை புதுக் கோட்பாடு கொண்டுவருபவர் எவரும் இவற்றோடு ஒப்பிட்டுக் காட்டாமல் தப்ப முடியாது.

100 மி.மீ. தகட்டுக்கு நடுத்தளத்தின் முழுத் தீர்வு 0.1471 மி.மீ. கிர்க்காஃப் 4.8% குறைவு; நம்முடையது 0.6% அதிகம். 250 மி.மீ. தகட்டுக்கு முழுத் தீர்வு 0.01172. கிர்க்காஃப் 23% குறைவு; நம்முடையது 3.4% அதிகம்.

இந்த 3.4% எங்கிருந்து வந்தது? தகட்டைத் தடிமன் திசையில் அமுக்கும் தகைவை நாம் விட்டுவிட்டோம். சுமை மேல் முகத்தில் அமுக்குகிறது. அதே மேல் முகம் வளைவால் பக்கவாட்டிலும் சுருங்குகிறது. மேலிருந்து அமுக்கும்போது பாய்சான் விளைவால் அந்தப் பகுதி பக்கவாட்டில் சற்று விரியப் பார்க்கும், வளைவு கொஞ்சம் தணியும். அதனால் உண்மைத் தொய்வு நம் கணக்கைவிடச் சற்றுக் குறைவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மிண்ட்லின் கோட்பாட்டில் 5/6 போட்டால் 250 மி.மீ. தகட்டுக்கு 0.01213 வரும், நம் விடைதான். திருத்தக் காரணியை 1 என்று வைத்தால் 0.01160 வரும், முழுத் தீர்விலிருந்து 1% மட்டுமே தள்ளி. அதைப் பார்த்து "1 போடுவதே சிறந்தது" என்று முடிவுகட்டக் கூடாது. ஷியரைக் குறைத்துக் காட்டிய பிழையும், அமுக்கத்தை விட்ட பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். சுமையோ பொருளோ மாறினால் அந்த அதிர்ஷ்டம் நிற்காது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொய்வு மட்டும் வேண்டுமென்றால், ஒரே பொருளாலான தகட்டுக்கு மேம்படுத்திய கோட்பாடு மிண்ட்லினைவிடப் பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. வித்தியாசம் தகைவுகளில் தெரியும்.

படி 8: தகைவுகள்

250 மி.மீ. தகட்டின் நடுவில், மேல் முகத்தில் வளைவுத் தகைவு கிர்க்காஃப் படி 3.16 நியூட்டன்/மி.மீ.². நம் கோட்பாட்டில் தொ₂-வும் கொஞ்சம் சேர்ந்து 3.35, கிட்டத்தட்ட 6% கூடுதல். தடிமன் ஊடே அது நேர்கோடாகவும் இல்லை, முகத்தருகே சற்று வளைந்து உயர்கிறது.

விளிம்பின் நடுவில், நடுத்தளத்தில் ஷியர் தகைவு = க × 5/4 × தொ₂-இன் சரிவு = 0.951. சமநிலைச் சமன்பாடுகளைக் கொண்டு கிர்க்காஃப் தகைவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 0.955. அழகான ஒத்துப்போதல். மிண்ட்லின் கோட்பாடு நேரடியாகத் தருவதோ தடிமன் முழுக்க 0.637 என்ற ஒரே மட்டம். உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அடுக்குகள் பிரிந்துவிடுமோ, பசை தாங்குமோ என்று பார்ப்பவருக்கு இந்த மூன்றில் ஒரு பங்குதான் எல்லாமே.

நெளிவுக்கும் (விளிம்பிலிருந்து தளத்துக்குள் அமுக்கும்போது தகடு திடீரென வளைந்துவிடுவது) அதிர்வுக்கும் தனிக் கணக்கு வேண்டாத ஒரு குறுக்குவழி இருக்கிறது. இதே விளிம்பு நிபந்தனையில், இதே அலை வடிவத்துக்கு, நெளிவுச் சுமை தொய்வின் தலைகீழ் விகிதத்தில் குறையும். 100 மி.மீ. தகட்டுக்கு 0.1401/0.1480, அதாவது 5.3% குறைவு. அதிர்வெண் அதன் வர்க்கமூலத்தில், சுமார் 2.7% குறையும், சுழற்சி நிலைமத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். எஃகில் இவ்வளவு தடித்த தகடு நெளிவதற்கு முன்பே இளகிவிடும் (நிரந்தரமாக உருமாறிவிடும்) என்பது வேறு விஷயம். கார்பன் தகடுகளில் இந்த விகிதம் உண்மையிலேயே வடிவமைப்பை மாற்றும்.

படி 9: மென்பொருளுக்குள் கொண்டுபோகும்போது

தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்களில், அபாகஸின் எஸ்4ஆர், ஆன்சிஸின் ஷெல்181 போன்ற கூறுகள் மிண்ட்லின் பாணியில் ஷியரைச் சேர்ப்பவை. ஆகவே சாதாரண வேலைக்கு ஷியர் ஏற்கெனவே உங்கள் மாதிரியில் இருக்கிறது. மிண்ட்லின் கூறுகளுக்கு வேறு ஒரு நோய் உண்டு: தகடு மிக மெல்லியதானால் ஷியர் பூட்டிக்கொண்டு தகடு போலியாக விறைத்துவிடும். தொகையிடும் புள்ளிகளைக் குறைப்பது போன்ற வைத்தியங்கள் அதற்காகவே. இரண்டு மாறிக் கோட்பாட்டில் இந்தப் பூட்டு இல்லை, ஏனென்றால் தகடு மெலிந்தால் தொ₂ தானாகச் சுருங்கிவிடும். அதற்கு விலையும் உண்டு: தொ₁, தொ₂ இரண்டின் சரிவுகளும் கூறுக்குக் கூறு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூறுகளை எழுதுவது கடினம். பி-ஸ்ப்ளைன் (சரிவு முறியாமல் துண்டுகளை இணைக்கும் வழவழப்பான சார்பு) அடிப்படையிலான முறைகளோடு இந்தக் கோட்பாடு நன்றாகச் சேர்வது இதனால்தான்.

படி 10: இறுகப் பிடித்த விளிம்பில் கவனம்

எளிமையாகத் தாங்கிய விளிம்பில் தொ₁, தொ₂ இரண்டும் பூஜ்யம், அவற்றின் திருப்புத்திறன்களும் பூஜ்யம், சிக்கல் இல்லை. இறுகப் பிடித்த விளிம்பில் வழக்கமாக எழுதுவது தொ₁ = தொ₂ = 0, இரண்டின் சரிவும் 0. இப்போது படி 3-க்குத் திரும்பிப் பாருங்கள். ஷியர் திரிபு முழுக்கத் தொ₂-இன் சரிவைப் பொறுத்தது. அதைப் பூஜ்யமாக்கினால், ஷியர் விசை உச்சமாக இருக்க வேண்டிய இடத்தில் ஷியர் தகைவு பூஜ்யம் என்று கணக்கு சொல்லும்.

84-ஆல் வகுபட்ட அந்தச் சிறிய உறுப்பு இங்கே உதவிக்கு வருகிறது. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை உருவாகி, அதற்குள் தொ₂-இன் சரிவு பூஜ்யத்திலிருந்து சரியான மதிப்புக்கு வேகமாக ஏறிவிடும். பட்டையின் அகலத்தைச் சமன்பாட்டிலிருந்தே எடுக்கலாம்: வி/84-ஐ (5/6)கத-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.058த. 100 மி.மீ. தகட்டில் 6 மி.மீ. கூட இல்லை. தொய்வு இதனால் பெரிதாகக் கெடாது. ஆனால் விளிம்புக் கோட்டிலேயே அச்சான ஷியர் எண்ணை நம்பக் கூடாது. அந்த இடத்தில் வளைவுத் தகைவுகளை எடுத்து, முப்பரிமாணச் சமநிலைச் சமன்பாட்டைக் கீழ் முகத்திலிருந்து மேல் நோக்கித் தொகையிட்டு ஷியரைக் கணக்கிடுங்கள்.

அடுக்குத் தகடுகளுக்கும் இதே தொகையீட்டு வழியைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் ஷியர் குணகம் திடீரென மாறும். ஷியர் தகைவோ தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தடிமன் முழுக்க ஒரே வழவழப்பான சார்பு இரண்டையும் ஒருசேரத் தர முடியாது. நடுவில் மெத்தென்ற நுரையும் இரு பக்கமும் கடினத் தகடும் உள்ள சாண்ட்விச் பலகையில் இந்தக் குறை மிகவும் பெரிதாகும். அதற்கு, அடுக்குக்கு அடுக்கு சாய்வு மாறும் மடிப்புச் சார்பைச் சேர்க்கும் ஜிக்-ஜாக் கோட்பாடுகளுக்குப் போக வேண்டும்.